கிராண்ட் கேன்யன்: முதல் விடுதிகளும் தண்ணீரும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் அரிசோனாவில் பல வருடங்களாக இருக்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, மாமனார் மாமியார் வந்தாலும் சரி, இங்கே எல்லோரும் முதலில் கூட்டிப்போவது கிராண்ட் கேன்யனுக்குத்தான். போய்விட்டு வந்த நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வண்டி எங்கே நிறுத்துவது, எங்கே சாப்பிடுவது என்றெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். அங்கே முதலில் யார் தங்கினார்கள், யார் விடுதி கட்டினார்கள், எது நிலைத்தது, எது சுவடில்லாமல் போனது என்பதுதான் என்னை இழுக்கும் விஷயம். எந்தப் பக்கம் போய்ப் படித்தாலும் அது ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: தண்ணீர். அந்தப் பள்ளத்தின் விளிம்பில் யார் கையில் தண்ணீர் இருந்ததோ அவர் கையில்தான் விடுதித் தொழிலும் இருந்தது.

இது மலைப் பிரதேசமா? பாலைவனம் என்றல்லவா நினைத்தோம்?

இரண்டும்தான். தெற்கு விளிம்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரம், ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். வடக்கு விளிம்பு 8,000 அடிக்கும் மேலே. பைன் காடு, குளிர்காலத்தில் பனி, எல்லாம் உண்டு. வண்டியில் போகும்போது மலை ஏறுகிற உணர்வே வராது, ஏனென்றால் அது உச்சி தட்டையாக இருக்கிற ஒரு பெரிய மேட்டு நிலம். வடக்குப் பக்க மேட்டுக்குக் கைபாப் என்று பெயர். பையூட் பழங்குடி மக்களின் மொழிச் சொல் அது, ‘படுத்துக் கிடக்கும் மலை’ என்று பொருள் சொல்கிறார்கள். போய் நின்று பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் எவ்வளவு சரி என்று தெரியும். படுத்திருக்கும் அந்த மலையைக் கொலராடோ ஆறு கடந்த ஐம்பது அறுபது லட்சம் வருடங்களாக அறுத்துக்கொண்டே இறங்கியிருக்கிறது. நீளம் 277 மைல், அகலம் சில இடங்களில் 18 மைல், ஆழம் ஒரு மைலுக்கு மேல். அடியில் இறங்கினால் பாலைவன வெயில், மேலே குளிர். ஒரே நாளில் இரண்டையும் அனுபவிக்கலாம்.

கீழே அவ்வளவு பெரிய ஆறு ஓடுகிறதே, அப்புறம் எப்படித் தண்ணீர்ப் பஞ்சம்?

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். ஆறு ஒரு மைல் கீழே ஓடுகிறது. மேலே நிற்கிறவனுக்கு அது கண்ணுக்குத் தெரியும் தண்ணீர், அவ்வளவுதான்.

சரி, மேலே மழையும் பனியும் பெய்கிறதே, அது எங்கே போகிறது? மேல் அடுக்கு முழுக்கச் சுண்ணாம்புக்கல். விழுந்த தண்ணீர் வெடிப்புகள் வழியாக உள்ளே இறங்கி, ஆயிரக்கணக்கான அடி கீழே, கெட்டியான ஏதோ ஒரு அடுக்கு தடுக்கும் இடத்தில், பாறைச் சுவரிலிருந்து ஊற்றாகப் பீறிடும். ஆகவே விளிம்பில் ஓடையும் இல்லை, கிணறு தோண்டினாலும் பயனில்லை. இன்னொன்று, நிலம் மொத்தமும் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வடக்கே பெய்கிற தண்ணீர் பள்ளத்தை நோக்கி வரும், தெற்கே பெய்வது பள்ளத்தை விட்டு விலகிப் போகும். அதனால்தான் பெரிய ஊற்றுகள் வடக்குச் சுவரில் இருக்கின்றன. ரயில், கடை, விடுதி, கூட்டம் எல்லாம் வந்து குவிந்ததோ தெற்கு விளிம்பில்.

முதலில் இதைப் பார்த்தவர் யார்? போவெல் என்கிறார்களே?

இதைப் பார்த்து, இங்கேயே பிறந்து வளர்ந்து, பயிர் செய்து வாழ்ந்தவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இருக்கிறார்கள். ஹவாசுபாய், ஹுவாலாபாய், ஹோப்பி, நவஹோ, தெற்குப் பையூட், சூனி என்று 11 பழங்குடி இனங்களுக்கு இந்தப் பள்ளத்தோடு உறவு உண்டு என்று தேசியப் பூங்காவே சொல்கிறது. ஹவாசுபாய் என்றாலே நீலப்பச்சைத் தண்ணீரின் மக்கள் என்றுதான் அர்த்தம். ஐரோப்பியர்களில் முதலில் பார்த்தது 1540இல் வந்த கார்சியா லோப்பஸ் தெ கார்டெனாஸ் என்ற ஸ்பானியரின் குழு. அவர்களைக் கூட்டிவந்து காட்டியவர்கள் ஹோப்பிகள். மேலிருந்து பார்த்தபோது ஆறு ஆறடி அகலம் இருக்கும் என்று தோன்றியதாம். மூன்று பேர் இறங்கிப் பார்த்தார்கள், முடியவில்லை, மூன்றில் ஒரு பங்கு தூரத்தோடு திரும்பிவிட்டார்கள். விளிம்பில் குடிக்கத் தண்ணீர் இல்லாததால் அந்தக் குழுவே திரும்ப வேண்டியதாயிற்று. இந்தக் கதையில் தண்ணீர் அன்றைக்கே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு 1858இல் ஜோசப் ஐவ்ஸ் என்ற ராணுவ அதிகாரி வந்தார். லாபமில்லாத இந்த இடத்துக்கு வந்த முதல் வெள்ளைக்காரக் கூட்டம் நாங்கள்தான், கடைசியும் நாங்களாகவே இருப்போம் என்ற கருத்தில் எழுதிவைத்துப் போனார். இன்றைக்கு வருடத்துக்கு 50 லட்சத்தை ஒட்டி ஆட்கள் வருகிறார்கள்.

ஜான் வெஸ்லி போவெல் 1869இல் செய்தது வேறு காரியம். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்த மனிதர், ஒன்பது பேரோடு, நான்கு படகில், மே 24 அன்று வயோமிங்கில் புறப்பட்டு ஆற்று வழியாகவே இந்தப் பள்ளத்தைக் கடந்தார். ஆகஸ்ட் கடைசியில் வெளியே வந்தது ஆறு பேர். வழியில் ஒரு கலங்கல் ஓடைக்கு அழுக்குப் பிசாசு என்று பெயர் வைத்துவிட்டு வந்தவர்கள், அதற்குப் பிறகு தெளிந்த தண்ணீரோடு வந்த ஓர் ஓடையைப் பார்த்ததும் பிரைட் ஏஞ்சல் என்று பெயர் வைத்தார்கள். ஒளி பொருந்திய தேவதை. இன்று அங்கே நீங்கள் பார்க்கும் பிரைட் ஏஞ்சல் பாதை, பிரைட் ஏஞ்சல் விடுதி, பிரைட் ஏஞ்சல் முனை எல்லாம் அந்த நல்ல தண்ணீரிலிருந்து வந்த பெயர்கள்தான்.

விஷ்ணு கோவில், சிவன் கோவில் என்று சிகரங்களுக்குப் பெயர் இருக்கிறதே, எப்படி?

ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் தவறாமல் கேட்பது இது. இந்தியர்கள் யாரும் வைத்ததில்லை. கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர் 1880களின் தொடக்கத்தில் இங்கே ஆய்வு செய்தார். அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் இந்தப் பாறைகளைப் பார்த்தபோது அவருக்குக் கீழை நாட்டுக் கோபுரங்கள் நினைவுக்கு வந்தன. விஷ்ணு, சிவன் என்று அவர் ஆரம்பித்த வழக்கம் அப்படியே தொடர்ந்து பிரம்மா, புத்தர், ஸோராஸ்டர், எகிப்தின் ஐசிஸ் என்று போனது. அடியில் இருக்கும் 170 கோடி வருடப் பழைய கருப்புப் பாறைக்கும் விஷ்ணுவின் பெயர்தான்.

இந்தச் சிவன் சிகரத்தில் 1937இல் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெளி உலகத் தொடர்பில்லாமல் தனித்து நின்ற உச்சியாயிற்றே, அங்கே உள்ள விலங்குகள் வேறு மாதிரி மாறியிருக்கும் என்று நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரு குழுவை அனுப்பியது. ஏறிப் பார்த்தவர்களுக்கு அங்கே கிடைத்தவற்றில் ஒன்று காலியான கோடக் ஃபிலிம் பெட்டி. உள்ளூர்ப் புகைப்படக்காரர் எமரி கோல்ப் அவர்களுக்கு முன்பே ஏறி இறங்கிவிட்டார்.

முதல் விடுதி எது?

தெற்கு விளிம்பில் இப்போது பார்க்கும் எதுவும் இல்லை. மேற்கே, ஹுவாலாபாய் மக்களின் பகுதியில், டயமண்ட் ஓடை பக்கத்தில் 1884இல் ஃபார்லீ என்பவர் கட்டிய மரக் கட்டடம்தான் கேன்யனின் முதல் விடுதி. காரணம் ரயில். 1883 வாக்கில் ரயில் பீச் ஸ்பிரிங்ஸ் வரை வந்துவிட்டது, அங்கிருந்து ஆறு சுமார் 20 மைல், குதிரை வண்டியில் நேராக ஆற்றங்கரைக்கே இறங்கிவிடலாம். அந்தப் பக்கத்தில் வண்டி ஆறு வரை போகக்கூடிய அபூர்வமான இடம் அது. ஆனால் அங்கே தெரியும் காட்சி, விளிம்பிலிருந்து தெரிவதுபோல் மூச்சை அடைக்கும் காட்சி கிடையாது. ஐந்தாறு வருடத்தில் மூடிவிட்டார்கள். கிழக்கே ஃபிளாக்ஸ்டாஃப் ஊரிலிருந்து விளிம்புக்கு வழி பிறந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பியது.

விளிம்பில் யார் முதலில் தங்க இடம் கொடுத்தார்கள்?

ஜான் ஹான்ஸ். 1880களின் முதல் பாதியில் வந்து, கிராண்ட்வியூ முனைக்குக் கிழக்கே மரக்கட்டை வீடு கட்டிக் குடியேறியவர், தெற்கு விளிம்பில் வீடு போட்ட முதல் வெள்ளைக்காரர். கல்நார் தோண்டத்தான் வந்தார். வெட்டி எடுத்த கல்நாரை மேலே ஏற்றிக் கொண்டுபோய் விற்பதைவிட, வருகிற ஆட்களுக்குக் கூடாரமும் சாப்பாடும் கொடுத்துக் கீழே அழைத்துப்போவதில் வருமானம் அதிகம் என்று சீக்கிரமே கண்டுகொண்டார். அந்தக் காலத்து விளிம்பு விடுதிக்காரர்கள் பலரின் கதையும் இதுதான்: சுரங்கத்துக்காக வெட்டிய பாதை, சுற்றுலாவுக்காக ஓடிய கழுதை.

ஹான்ஸின் உண்மையான மூலதனம் அவர் வாய். இந்தப் பள்ளத்தை நான்தான் தோண்டினேன் என்பாராம் குழந்தைகளிடம். பள்ளம் முழுக்க மேகம் அடைத்துக்கொள்ளும் நாட்களில் பனிக்காலணி கட்டிக்கொண்டு மேகத்தின் மேலேயே நடந்து அக்கரை போவேன், ஒருமுறை பாதி வழியில் மேகம் கலைந்து ஏதோ ஒரு சிகரத்தில் மாட்டிக்கொண்டேன் என்பாராம். முகத்தில் சிரிப்பே வராதாம். பிற்காலத்தில் சொந்த இடத்தை விற்றுவிட்டு, பெரிய விடுதியில் விருந்தாளிகளுக்குக் கதை சொல்வதையே வேலையாக வைத்துக்கொண்டார். 1919 ஜனவரியில் இறந்தார். அடுத்த மாதம் 26ஆம் தேதி கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்கா ஆனது.

தண்ணீர் இல்லாமல் அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்?

மழையையும் பனியையும் தொட்டியில் பிடித்தார்கள், தொட்டி வற்றினால் இறங்கினார்கள்.

மேற்கே வில்லியம் பாஸ் என்பவர் 1880களில் ஒரு முகாம் நடத்த ஆரம்பித்தார். ஹவாசுபாய் மக்கள் காட்டிய பழைய தடத்தை வைத்துத்தான் அவர் பாதை அமைந்தது. ஆற்றின் குறுக்கே கம்பி வடம் கட்டி, கூண்டில் ஆளையும் கழுதையையும் அக்கரைக்கு இழுத்தார். இசை ஆசிரியையான ஏடா என்ற பெண் சுற்றுலாவாக வந்து, பின்னால் அவரையே மணந்து, அந்த முகாமிலேயே பிள்ளைகளை வளர்த்தார். தொட்டி வற்றிய கோடைகளில் துணி துவைக்க ஏடா ஆற்றுக்கே இறங்குவாராம், போய்த் துவைத்துக் காயவைத்துத் திரும்ப மூன்று நாள். நான் முதலில் படித்தபோது சும்மா ஒரு தகவலாகத்தான் கடந்தேன். பிறகு ஒரு ஜூன் மாதம் பாதி வழி இறங்கி ஏறினேன். கையில் ஒரு பை, இரண்டு பாட்டில் தண்ணீர், அவ்வளவுதான். மேலே வந்ததும் அரை மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை. குடும்பத்தின் அழுக்குத் துணி மூட்டையோடு அந்த அம்மா அதைச் செய்திருக்கிறார்.

புகைப்படக்காரர்கள் தண்ணீருக்காகத் தினமும் ஓடினார்களாமே?

ஆமாம், கோல்ப் சகோதரர்கள், எல்ஸ்வொர்த்தும் எமரியும். 1904இல் பிரைட் ஏஞ்சல் பாதை தொடங்கும் இடத்திலேயே, விளிம்பைப் பிடித்துத் தொங்குவதுபோல் ஒரு ஸ்டுடியோ கட்டினார்கள். காலையில் கோவேறு கழுதைகளில் இறங்கும் கூட்டத்தைப் படம் எடுப்பார்கள். படம் கழுவ நல்ல தண்ணீர் வேண்டுமே? மேலே கிடையாது. எனவே பாதையில் 4.6 மைல், 3,000 அடி கீழே இருக்கும் ஊற்றுக்கு ஓடுவார்கள். அங்கே ஒரு கொட்டகையில் கழுவி, பிரதி எடுத்து, மறுபடி 3,000 அடி ஏறி, கழுதைக் கூட்டம் மேலே வந்து சேரும்போது படத்தைத் தயாராக வைத்திருப்பார்கள். 1911-12இல் ஆற்றில் படகுப் பயணம் செய்து சினிமாவும் எடுத்தார்கள். 1976இல் எமரி இறக்கும்வரை அந்த ஸ்டுடியோவில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோ இன்றும் இருக்கிறது.

கிராண்ட்வியூ விடுதி ஏன் மறைந்தது?

பீட் பெர்ரி நல்ல செம்பு எடுத்தவர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய சுரங்கத் தாதுவுக்குப் பரிசே கிடைத்தது. ஒவ்வொரு கழுதையும் 200 பவுண்டு சுமந்து மேலே ஏற வேண்டும், அதனால் எவ்வளவு நல்ல செம்பாக இருந்தாலும் கணக்கு உதைத்தது. அவரும் விடுதிப் பக்கம் திரும்பினார். 1897இல் இரண்டு மாடி மரக்கட்டைக் கட்டடம், கிராண்ட்வியூ ஹோட்டல், அப்போது விளிம்பில் அதைவிட நல்ல விடுதி இல்லை. ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து குதிரை வண்டியில் ஒரு நாள் முழுக்கக் குலுங்கி வந்தவர்களுக்கு அதுதான் சொர்க்கம்.

அந்தச் சொர்க்கத்துக்கு நான்கே வருடம். 1901 செப்டம்பர் 17 அன்று வில்லியம்ஸ் ஊரிலிருந்து முதல் பயணிகள் ரயில் விளிம்பை எட்டியது, பெர்ரியின் விடுதிக்குச் சில மைல் மேற்கே. குதிரை வண்டிக்குப் பதினைந்து இருபது டாலர், எலும்பெல்லாம் வலிக்கும். ரயிலுக்கு 3.95 டாலர், சில மணி நேரம். ரயிலில் இறங்கியவர் எதிரே இருக்கும் விடுதியை விட்டுவிட்டு மறுபடி குதிரை வண்டி பிடித்துக் கிராண்ட்வியூ போவாரா? பெர்ரி சில வருடம் போராடிப் பார்த்துவிட்டு, 1913இல் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டுக்கு விற்றார். 1929இல் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். எனக்கு இது மனசுக்குக் கஷ்டமான கதை. அவர் செய்த தவறு என்று ஒன்றும் இல்லை, தண்டவாளம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

எல் தோவர் விடுதிக்கு ஏன் அவ்வளவு பெயர்?

1905 ஜனவரி 14 அன்று திறந்தது. சாண்டா ஃபே ரயில்வே கட்டியது, ஃப்ரெட் ஹார்வி நிறுவனம் நடத்தியது, வடிவமைத்தவர் சார்லஸ் விட்டில்சி. செலவு 2,50,000 டாலர். ஓரிகனிலிருந்து ரயிலில் மரம் வந்தது. சுற்றிலும் காடும் கூடாரங்களும் இருந்த இடத்தில் மின்விளக்கு, நீராவி வெப்பம், வெள்ளைத் துணி விரித்த சாப்பாட்டு மேசை.

பெயர் பேத்ரோ தெ தோவர் என்ற ஸ்பானியருடையது. 1540இல் ஹோப்பி ஊர்களுக்கு வந்து, பெரிய ஆறு ஒன்று இருக்கிறது என்று கேட்டுப்போய்ச் சொன்னவர். அவர் இந்தப் பள்ளத்தைப் பார்த்ததே இல்லை.

அந்த விடுதியில் எனக்கு வியப்பு, குழாயைத் திறந்தால் வந்த தண்ணீர்தான். 120 மைல் தூரத்தில் டெல் ரியோ என்ற இடத்திலிருந்து ரயில் தொட்டி வண்டிகளில் தினமும் கொண்டுவந்தார்கள். குளிக்க, சமைக்க, கழுவ, எஞ்சினுக்கு ஊற்ற, எல்லாமே அதுதான். யோசித்துப் பாருங்கள், ஒரு மைல் கீழே ஆறு ஓடுகிறது, குடிக்கிற தண்ணீர் 120 மைல் ரயிலில் வருகிறது. பெர்ரியாலோ பாஸாலோ இதைச் செய்திருக்க முடியுமா? ரயில்வே ஜெயித்ததற்கு டிக்கெட் விலை ஒரு காரணம், தொட்டி வண்டி இன்னொரு காரணம். 1926இல் அங்கே கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் கொதிகலனுக்கும் திருப்பிவிடும் நிலையத்தையும் கட்டினார்கள், அமெரிக்காவிலேயே அந்த வகையில் முன்னோடி அது.

1932இல் கீழே உள்ள ஊற்றிலிருந்து பம்ப் வைத்து மேலே ஏற்றத் தொடங்கினார்கள். பிறகு வடக்குச் சுவரில் இருக்கும் ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து பள்ளத்தைக் குறுக்காகக் கடந்துவரும் 12.5 மைல் குழாய், 1970இல் முடிந்தது. இப்போது நீங்கள் தெற்கு விளிம்பில் பாட்டிலில் பிடிக்கும் தண்ணீர் அக்கரையிலிருந்து வருவது. 2010இலிருந்து மட்டும் அந்தக் குழாய் 85 தடவைக்கு மேல் உடைந்திருக்கிறது. மாற்றும் வேலை 2023இல் தொடங்கியது.

கழுதைப் பாதைக்கு ஒருவர் கட்டணம் வசூலித்தார் என்பது உண்மையா?

உண்மை. ரால்ஃப் கேமரன். பிரைட் ஏஞ்சல் பாதையை ஹவாசுபாய் மக்களின் பழைய தடத்தின் மேல் சீர்ப்படுத்தி, சுரங்க உரிமை என்று பட்டா போட்டுக்கொண்டு, இறங்குகிறவரிடம் 1 டாலர் வாங்கினார். விளிம்பில் அவருக்கும் ஒரு விடுதி இருந்தது, ரயில்வேக்குப் போட்டியாக. நல்ல காட்சி, நல்ல தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் சுரங்க உரிமை என்று எழுதி வைத்தார். அவற்றில் தாது இல்லை என்று அரசு வழக்குப் போட, 1920இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதோடு விடவில்லை, 1921இலிருந்து 1927 வரை அமெரிக்க செனட்டராகவும் இருந்து பூங்காவோடு மல்லுக்கட்டினார். அவர் தொல்லை தாங்காமல்தான் பூங்கா தனக்கென்று தெற்குக் கைபாப் பாதையை 1924-25இல் வெட்டியது. அந்தப் பாதையில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள், வழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் இருக்கும் பாதை அன்றைக்குக் கேமரன் கையில். 1928இல்தான் பிரைட் ஏஞ்சல் பாதை அரசுக்கு வந்தது.

அந்த ஊற்று இருக்கும் இடத்தின் பெயரை ஏன் மாற்றினார்கள்?

கோல்ப் சகோதரர்கள் ஓடிப்போனது, கேமரன் உரிமை கொண்டாடியது, 1932இல் பம்ப் வைத்தது, எல்லாம் ஒரே ஊற்று. அதன் பெயர் வெகுகாலம் இந்தியன் கார்டன். தோட்டம் என்று பெயர் வந்ததே அங்கே ஹவாசுபாய் குடும்பங்கள் சோளமும் மற்றதும் பயிர் செய்துகொண்டிருந்ததால். பூங்கா வந்த பிறகு அவர்களை வெளியேற்றினார்கள். கடைசியாக அங்கே இருந்தவர் கேப்டன் பர்ரோ என்று அழைக்கப்பட்ட பெரியவர், அவரை 1928இல் கிளப்பிவிட்டார்கள். கேமரனிடமிருந்து பாதை அரசுக்கு வந்த அதே வருடம். ஒருவரிடமிருந்து மீட்டதை மட்டும் பழைய புத்தகங்கள் வெற்றியாக எழுதுகின்றன, இன்னொருவரிடமிருந்து எடுத்ததைப் பற்றி அவற்றில் பெரும்பாலும் ஒரு வரி இருக்காது.

ஹவாசுபாய் மக்களுக்கு 1882இல் ஒதுக்கிய நிலம் வெறும் 518 ஏக்கர். 1975இல் ஒரு சட்டத்தின் மூலம் 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. 2022 நவம்பரில் அந்த இடத்தின் பெயர் ஹவாசுபாய் கார்டன்ஸ் என்று அதிகாரபூர்வமாக மாறியது. நண்பர்கள் இன்னும் பழைய பெயரைச் சொன்னால் நான் திருத்துகிறேன், நீங்களும் புதுப் பெயரைச் சொல்லிப் பழகுங்கள்.

பள்ளத்தின் அடியில் தங்க முடியுமா?

முடியும், ஃபேண்டம் ரான்ச். நடந்தோ, கோவேறு கழுதையிலோ, ஆற்றுப் படகிலோதான் போக முடியும், வண்டிப் பாதை இல்லை. 1900களின் முதல் பத்தாண்டில் டேவிட் ரஸ்ட் என்பவர் அங்கே கூடாரங்கள் போட்டு, மரங்கள் நட்டு, 1907இல் ஆற்றின் குறுக்கே கம்பிவடக் கூண்டும் கட்டினார். 1913இல் தியோடர் ரூஸ்வெல்ட் வந்து போனதால் கொஞ்ச காலம் அவர் பெயரால் அழைத்தார்கள். 1922இல் மேரி கோல்டர் என்ற கட்டடக் கலைஞர் அதே இடத்தில் ஆற்றுக் கல்லும் மரமும் வைத்துச் சின்னச் சின்ன அறைகளாகக் கட்டினார். மற்ற சாமானெல்லாம் கழுதை முதுகில் இறங்கியது, இன்றைக்கும் சாப்பாட்டுப் பொருள் அப்படித்தான் இறங்குகிறது. அங்கிருந்து தபால் அட்டை போட்டால் கழுதையில் வந்தது என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள். இடம் கிடைக்கக் குலுக்கலில் பெயர் கொடுக்க வேண்டும், ஒரு வருடத்துக்கு முன்பே.

மேரி கோல்டர் யார்?

பெண்கள் கட்டடக் கலையில் அபூர்வமாக இருந்த காலத்தில் ஹார்வி நிறுவனத்துக்காகத் தெற்கு விளிம்பின் முகத்தையே அமைத்தவர். ஹோப்பி ஹவுஸ் (1905), லுக்கவுட் ஸ்டுடியோ, ஹெர்மிட்ஸ் ரெஸ்ட் (இரண்டும் 1914), கிழக்குக் கோடியில் 70 அடிக் கோபுரம் (1932), பிரைட் ஏஞ்சல் விடுதி (1935). விளிம்பிலேயே முளைத்ததுபோல் கட்டடம் இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். பழையதை இடிக்காமல் தன் கட்டடத்துக்குள் சேர்த்துக்கொள்வது அவர் செய்த இன்னொரு நல்ல காரியம்.

லாஸ் வேகாஸிலிருந்து கண்ணாடிப் பாலம் பார்த்துவிட்டு வந்தோம், அதுதானே இது?

அது ஸ்கைவாக், 2007இல் திறந்தது, ஹுவாலாபாய் மக்களின் சொந்த நிலத்தில் அவர்கள் நடத்துவது. தேசியப் பூங்காவுக்குள் இல்லை. இங்கே சொன்ன கட்டடம் ஒன்றுகூட அங்கே கிடையாது. தெற்கு விளிம்புக்கு வேகாஸிலிருந்து நாலரை மணி நேரம் ஓட்ட வேண்டும்.

வடக்கு விளிம்பு விடுதி எரிந்துவிட்டதாமே?

ஆமாம். எழுதவே கை வரவில்லை. அங்கே 1917இல் வைலி குடும்பத்தார் கூடார முகாம் போட்டார்கள். கீழே உள்ள ஊற்றிலிருந்து தினமும் தண்ணீர் சுமந்து வந்தது பிரைட்டி என்ற ஒரு கழுதையும் அந்த வீட்டுச் சிறுவனும். 1928இல் கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட் வடிவமைத்த கிராண்ட் கேன்யன் லாட்ஜ் வந்தது. 1932 செப்டம்பரில் தீப்பிடித்து எரிந்தது, கல் சுவர்கள் மிஞ்சின, 1937இல் மறுபடி எழுப்பினார்கள். 2025 ஜூலை 4 அன்று மின்னல் விழுந்து தொடங்கிய டிராகன் பிராவோ தீ, ஒரு வாரம் கழித்துக் காற்று திரும்பியதும் விளிம்புக்குப் பாய்ந்தது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் எரிந்து குளோரின் வாயு கசிந்ததால் அங்கிருந்த தீயணைப்பு ஆட்களும் வெளியேற வேண்டியிருந்தது. 12, 13ஆம் தேதிகளில் லாட்ஜ் போய்விட்டது.

அந்த லாட்ஜுக்குள் நுழைந்தால் முதலில் பள்ளம் தெரியாது. வரவேற்பறையைக் கடந்து சில படிகள் இறங்கினால் எதிரே பெரிய பெரிய சன்னல்கள், அப்போதுதான் மொத்தமும் ஒரே வீச்சில் கண்ணில் விழும். அம்மாவைக் கூட்டிப்போனபோது அந்தப் படியிலேயே நின்றுவிட்டார், பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போக வேண்டியிருந்தது.

அரை நாள்தான் இருக்கிறது, பழையதில் எதைப் பார்க்கலாம்?

பிரைட் ஏஞ்சல் விடுதியில் ஆரம்பியுங்கள். உள்ளே ஒரு கணப்படுப்பு இருக்கிறது, அதன் கற்களைக் கோல்டர் பள்ளத்தின் அடுக்கு வரிசையிலேயே வைத்திருக்கிறார், தரையை ஒட்டி ஆற்றங்கரைக் கல், உச்சியில் கைபாப் சுண்ணாம்புக்கல். குழந்தைகளுக்கு நிலவியல் சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. வெளியே வந்தால் பக்கி ஓ’நீல் என்பவர் 1890களில் கட்டிய மரக்கட்டை வீடு, விளிம்பில் மிஞ்சியிருப்பதில் மிகப் பழையது. ரயில் வரவேண்டும் என்று அலைந்த மனிதர் அவர், ரயில் வருவதற்கு முன்பே 1898இல் கியூபா போரில் இறந்துபோனார். பக்கத்திலேயே ரெட் ஹார்ஸ் என்ற வீடு, குதிரை வண்டி வழியில் தங்குமிடமாக இருந்ததை 1902இல் கேமரன் பிரித்துக் கொண்டுவந்து விளிம்பில் தன் விடுதியாக மறுபடி அடுக்கியது. இரண்டையும் இடிக்கத் திட்டம் இருந்தபோது காப்பாற்றியவர் கோல்டர். அப்புறம் கோல்ப் ஸ்டுடியோ, எல் தோவர், எதிரே ஹோப்பி ஹவுஸ், எல்லாம் நடந்துபோகும் தூரம்தான்.

நேரம் மிஞ்சினால் கிழக்கே வண்டியை விடுங்கள். கிராண்ட்வியூ முனையில் இறங்கி, பெர்ரியின் பாதையில் ஒரு நூறு அடி போனால் போதும், கழுதைக்காகக் கல் பதித்துக் கட்டை கொடுத்து நிறுத்திய பழைய பாதை காலடியில் இருக்கும். விடுதி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பிறகு டெசர்ட் வியூ கோபுரம். எல்லோரும் மேலே போகும் படியைத்தான் தேடுவார்கள், ஃப்ரெட் கபோட்டி என்ற ஹோப்பி ஓவியர் வரைந்த சுவர்கள் அங்கேதான் இருக்கின்றன, பாருங்கள். ஆனால் ஏறும் முன் கீழ்த்தளத்து வட்ட அறையில் ஒரு நிமிடம் நின்று கூரையை அண்ணாந்து பாருங்கள். வயதேறிக் கருத்த மரக்கட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வட்டம் சுற்றி அடுக்கியிருக்கும். பெர்ரியின் கிராண்ட்வியூ ஹோட்டலை இடித்தபோது எடுத்துவைத்த கட்டைகள் அவை.